ஐசியூவில் சேரும் முன் போன மூன்று நாள் சிமுலேஷன் பயிற்சி: பணம் கட்டலாமா?

ஐசியூவில் நர்ஸ் வேலை என்று கடிதம் வந்த அன்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. படிக்கும்போது ஐசியூ போஸ்டிங் போயிருக்கிறேன்தான், ஆனால் அப்போது பக்கத்தில் எப்போதும் யாராவது இருப்பார்கள். இனி வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவர் என் பொறுப்பு என்று நினைத்தாலே தூக்கம் போனது. அந்தப் பயத்தில்தான் ஒரு பயிற்சி மையத்தில் மூன்று நாள் சிமுலேஷன் வகுப்புக்கு, அதாவது பொம்மையை நோயாளியாக வைத்துப் பழகும் வகுப்புக்கு, பணம் கட்டினேன். முடித்த சூட்டில் எழுதியிருந்தால் ஆகா ஓகோ என்று எழுதியிருப்பேன். வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆன பிறகு எழுதுகிறேன்.

முதல் நாள் சிபிஆர், அதாவது இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திக் கொடுக்கும் முதலுதவி. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.யைத் தாண்டாமல் என்பதெல்லாம் மனப்பாடமாகத் தெரியும். பொம்மையோடு இணைத்த திரையில் பார்த்தால் நான் அழுத்தியது 4 செ.மீ. கூட இல்லை. அழுத்திய பிறகு கையை முழுதாகத் தளர்த்தாமல் மார்பின் மேலேயே சாய்ந்துகொண்டிருந்ததும் தெரிந்தது. இது ஒன்றுக்காகவே அந்த நாள் வீண் இல்லை, மற்றபடி கல்லூரியில் படித்ததுதான்.

இரண்டாம் நாளுக்குத்தான் கட்டிய பணம். தனி அறை, கட்டில், மானிட்டர், வென்டிலேட்டரில் ஒரு பொம்மை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் ஆக்சிஜன் அளவை 97இலிருந்து மெல்ல 86க்கு இறக்குகிறார். அலாரம் அடிக்கிறது. நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா, சத்தத்தை நிறுத்தும் பட்டனை அழுத்தியது. அப்புறம் மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். "சிஸ்டர், பேஷன்ட் கட்டில்ல இருக்கார்" என்று ஸ்பீக்கரில் குரல் வந்தது. இன்றைக்கும் அலாரம் கேட்டால் அந்தக் குரல்தான் முதலில் காதில் விழுகிறது. மார்பு ஏறி இறங்குகிறதா பார், சந்தேகமாக இருந்தால் வென்டிலேட்டரைக் கழற்றி ஆம்பு பேக்கில் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) முழு ஆக்சிஜன் கொடு, உதவிக்குக் கூப்பிடு. மூச்சுக்காகப் போட்ட குழாய் நகர்ந்ததா, அடைத்ததா, நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்ந்துவிட்டதா, மெஷினில் கோளாறா என்று வரிசையாக யோசி. இதையே ஐந்து முறை செய்ய வைத்தார்கள். ஐந்தாவது முறை கை தானாகப் போனது.

அதைவிட உபயோகமானது போன் பேசும் பயிற்சி. நடுராத்திரியில் டாக்டரை எழுப்புவதுதான் என் பெரிய பயம், வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. எஸ்பார் (SBAR) முறை, அதாவது நாலு பகுதியாகச் சொல்வது: இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும். தூக்கக் கலக்க டாக்டராக நடித்தவர் "சரி, அதுக்கு நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டதும் வாயடைத்துப் போனேன். மூன்று பகுதி சொல்லியிருந்தேன், நாலாவதை விழுங்கிவிட்டேன். "நீங்கள் இப்போதே வந்து பார்க்கணும்" என்ற ஒரு வரியைச் சொல்ல எனக்கு நாலு ஒத்திகை தேவைப்பட்டது!

மூன்றாம் நாள் சொதப்பல். ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து பம்பில் ஓடும்போது சிரிஞ்ச் மாற்றுவதைக் கற்றுத்தருவதாகச் சொல்லித்தான் சேர்த்தார்கள். பதினாலு பேருக்கு ஒரே ஒரு பம்ப், என் கைக்கு வந்தது ஐந்து நிமிடம். மீதி நேரம் ஸ்லைடு. அந்த மருந்து இரண்டு மூன்று நிமிடம் நின்றாலே ரத்த அழுத்தம் சரியும், மாற்றும்போது கை நடுங்கக்கூடாத இடம் அது. வார்டில் சீனியர் அக்கா ஒருவர் பக்கத்தில் நின்று, அடுத்த சிரிஞ்சை முன்கூட்டியே தயார் செய்து வைக்கச் சொல்லி, மூன்று ஷிஃப்ட் பொறுமையாகக் காட்டினார். அதை அவரிடம்தான் கற்றேன்.

இன்னொரு குறை, பொம்மைக்கு உறவினர்கள் கிடையாது. "அப்பா பிழைச்சிடுவாராம்மா?" என்று கையைப் பிடித்துக்கொண்டு யாரும் கேட்பதில்லை. ஒருவருக்கு சக்ஷன் போட்டு சளியை உறிஞ்சும்போதே பக்கத்துக் கட்டில் அலாரம் அடிப்பதும் அங்கே இல்லை. தப்பு செய்தவரை எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்யும் பழக்கம் ஒரு பயிற்சியாளருக்கு இருந்தது. ஏற்கெனவே பயந்து வந்தவர்களிடம் அது எதற்கு?

பயம் போய்விட்டதா என்றால் இல்லை, டியூட்டிக்குக் கிளம்பும்போது இன்னும் வயிறு ஒருமாதிரி ஆகிறது. ஆனால் இரண்டாவது வாரம் ஒரு ராத்திரி நிஜமாகவே ஆக்சிஜன் இறங்கியபோது பட்டனைத் தேடவில்லை, கட்டிலைப் பார்த்தேன். குழாயில் சளி அடைத்திருந்தது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். உங்கள் ஆஸ்பத்திரியே சில வாரம் சீனியரோடு சேர்த்துப் போட்டு, சிமுலேஷனும் தருகிறது என்றால் இதற்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். சேர்ந்த வாரமே தனியாகக் கட்டிலைக் கொடுத்துவிடுவார்கள் என்றால் போங்கள். பணம் கட்டும் முன் ஒரு பேட்ச்சுக்கு எத்தனை பேர், எத்தனை பம்ப் என்று கேட்டுவிடுங்கள், நான் கேட்கவில்லை.