சன்ஸ்கிரீனா, சட்டையா, குடையா? ஆஸ்திரேலிய வெயிலுக்கு எது தாங்கும்?

ஆஸ்திரேலியாவில் மூவரில் இருவருக்கு 70 வயதுக்குள் ஏதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. இதைத் தடுக்க 1981-லேயே விக்டோரியா மாநிலத்தில் பிரச்சாரம் தொடங்கினார்கள். கார்ட்டூன் கடற்பறவை ஒன்று ஆடிப் பாடிக்கொண்டே, சட்டையை மாட்டு, கிரீமைப் பூசு, தொப்பியை வை என்று சொல்லும். நிழலைத் தேடு, கூலிங் கிளாஸ் போடு என்ற இரண்டும் 2007-ல் சேர்ந்தன. இந்த வரிசையில் முதலில் வருவது சட்டை. ஆனால் வெயில் பாதுகாப்பு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சன்ஸ்கிரீன் மட்டும்தான். அந்தப் பழைய வரிசைதான் சரி என்பது என் கட்சி.

சட்டையின் பலம், அதைச் சரியாகப் போடத் தெரியாதவர் யாரும் இல்லை என்பதுதான். யு.பி.எஃப் (துணியின் வெயில் தடுப்புத் திறனைக் காட்டும் எண்) 50 என்று அச்சிட்ட துணி, புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். காலையில் மாட்டினால் மாலை வரை அதே பாதுகாப்பு. கிரீமைப் போல இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டியதில்லை. அதற்காக எல்லாத் துணியையும் நம்பிவிட முடியாது. மெல்லிய வெள்ளைக் காட்டன் டி-ஷர்ட்டின் யு.பி.எஃப் 10-ஐக் கூடத் தொடாமல் போகலாம், நனைந்தால் இன்னும் குறையும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நன்றாக ஊடுருவித் தெரிந்தால் கதிரும் அப்படியே உள்ளே வரும். வெயிலுக்காகத் தலையில் போட்டுக்கொள்ளும் மெல்லிய துப்பட்டா இந்தச் சோதனையில் தேறுவது கஷ்டம்.

சன்ஸ்கிரீன் வீண் என்று சொல்ல வரவில்லை. அது உண்மையாகவே புற்றுநோயைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்று குயின்ஸ்லாந்தின் நம்பூர் என்ற ஊரிலிருந்து வந்தது. 1992-ல் தொடங்கி நாலரை வருடம் நடந்த ஆய்வில் 1,600 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். ஒரு குழு தினமும் பூசியது, இன்னொரு குழு வழக்கம்போலத் தன் விருப்பத்துக்கு விடப்பட்டது. தினமும் பூசியவர்களிடம் ஸ்குவாமஸ் செல் என்ற வகைத் தோல் புற்றுநோய்க் கட்டிகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. பல வருடம் தொடர்ந்து கவனித்து 2011-ல் வெளியிட்ட முடிவுகளில், மெலனோமா என்ற மிக ஆபத்தான தோல் புற்றுநோயும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அவர்கள் பூசியது எஸ்.பி.எஃப் (கிரீமின் தடுப்புத் திறனைக் காட்டும் எண்) 16 மட்டுமே என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. தினமும் பூசியது பலன் தந்திருக்கிறது.

கடையில் 30-ஆ 50-ஆ என்று ரொம்ப நேரம் யோசிக்க வேண்டாம். சரியாகப் பூசினால் 30 என்பது தோலை எரிக்கும் யு.வி.பி என்ற புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்பது 98. நாம் கோட்டை விடுவது அளவில். முகம், கழுத்து, காது சேர்த்து ஒரு டீஸ்பூன், ஒவ்வொரு கைக்கும் காலுக்கும் ஒன்று, முன்பக்கம் ஒன்று, முதுகு ஒன்று, ஆக ஏழு டீஸ்பூன். அவ்வளவு பூசுகிறவர்களைப் பார்ப்பது அரிது. லேபிளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2025-ல் சாய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு அங்கே விற்கும் 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்தபோது, 16 தயாரிப்புகள் லேபிளில் போட்டிருந்த எஸ்.பி.எஃப் எண்ணை எட்டவில்லை. அதனால்தான் துணி மூட முடிகிற இடத்தைத் துணிக்கு விட்டுவிட்டு, முகம், புறங்கை, கால்பாதத்தின் மேல்பக்கம் போன்ற மீதி இடங்களுக்குக் கிரீம் என்கிறேன்.

அப்புறம் குடை. கடற்கரைக் குடையின் கீழ் உட்கார்ந்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையை 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு ஆட்டிவிட்டது. டெக்சாஸில் ஓர் ஏரிக்கரையில், நடுப்பகலில் மூன்றரை மணி நேரம் ஒரு குழுவைக் குடையின் கீழும், இன்னொரு குழுவை எஸ்.பி.எஃப் 100 பூசி வெயிலிலும் உட்கார வைத்தார்கள். குடைக்குக் கீழ் இருந்தவர்களில் 78 சதவீதம் பேருக்குத் தோல் எரிந்து சிவந்தது, கிரீம் குழுவில் 25 சதவீதம் பேருக்கு. இதை நடத்தியது சன்ஸ்கிரீன் தயாரிக்கும் நிறுவனம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் காரணம் புரிகிறது: வானத்தில் சிதறியும் மணலில் பட்டுத் திரும்பியும் கதிர் பக்கவாட்டில் வந்துவிடும். அடர்ந்த மர நிழல் இதைவிட மேல்.

தொப்பியில் கிரிக்கெட் கேப் வேண்டவே வேண்டாம். காதும் பின்கழுத்தும் வெயிலில் கிடக்கும். சுற்றிலும் 7.5 சென்டிமீட்டர் விளிம்பு உள்ள தொப்பிதான் பெரியவர்களுக்குச் சரி.

எப்போது இதெல்லாம் தேவை? உடம்பில் உறைக்கும் சூட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். குளிர்ந்த, மேகம் போட்ட மெல்போர்ன் கோடை நாளிலும் புற ஊதாக் கதிரின் வலிமையைச் சொல்லும் யு.வி. இண்டெக்ஸ் உச்சத்தில் இருக்கலாம். அந்த எண் 3-ஐத் தொட்டால் பாதுகாப்பு வேண்டும் என்பது அங்கே பொது விதி. மெல்போர்ன் குளிர்காலத்தில் 3-க்குக் கீழே இறங்கும். பிரிஸ்பேனில் நடுப்பகலில் வருடம் முழுக்க 3-க்கு மேல்தான்.

சரி, நம் தோலுக்கு இவ்வளவு தேவையா? கருமையான தோலுக்கு இந்த ஆபத்து நிச்சயமாகக் குறைவு. நல்ல கருந்தோல் உள்ளவர்கள் தினசரி பூச வேண்டியதில்லை, நீண்ட நேரம் வெளியே இருக்கும்போது பூசினால் போதும், வைட்டமின் டி-க்குக் கொஞ்சம் வெயில் தேவை என்றுதான் ஆஸ்திரேலிய நிபுணர்களே இப்போது சொல்கிறார்கள். மாநிறமும் வெளிர்நிறமும் உள்ளவர்கள் 3 என்ற விதியைப் பின்பற்றுவது நல்லது.

ஆனால் கருந்தோலில் வரும் மெலனோமா பெரும்பாலும் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் வருவதால் யாரும் பார்ப்பதில்லை. ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால்விரல் நகத்துக்கு அடியில் வந்தது இந்த வகைதான். 1981-ல், 36 வயதில் இறந்துபோனார். இங்கே மேலே சொன்ன சட்டை, கிரீம், குடை எதுவும் உதவாது. கண்ணால் பார்ப்பது ஒன்றுதான் வழி. குளித்துவிட்டு உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் மாதம் ஒரு தடவை பாருங்கள், அம்மா அப்பாவுக்கும் பார்த்துச் சொல்லுங்கள். நம் நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கருங்கோடு இருப்பது சாதாரணம். ஒரே நகத்தில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போகும் கோடு, நகத்தைத் தாண்டித் தோலுக்குப் பரவும் கருமை, வடிவமோ நிறமோ மாறும் மச்சம், வாரக்கணக்கில் ஆறாத புண் என்றால் டாக்டரிடம் போங்கள். முதல் நாளே போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால், என்ன மாறியிருக்கிறது என்று அவரிடம் காட்ட முடியும்.