பழைய சென்னை ஃபிளாட்: விற்கவா, வாடகைக்கு விடவா, இடித்துக் கட்டவா?

1990களில் கே.கே.நகர், அசோக் நகர், நங்கநல்லூர் பக்கம் லிஃப்ட் இல்லாமல் எழும்பிய மூன்று மாடிக் கட்டடங்களில் இப்போது அடிக்கடி எழும் பேச்சு, விலை ஏறியிருக்கும்போதே கொடுத்துவிடலாமா என்பதுதான். பிள்ளைகள் வெளியூரில், பெற்றோருக்கு மாடி ஏற முடியவில்லை, பக்கத்துத் தெருவில் பில்டர் பேனர் கட்டியாயிற்று. இதற்குச் சந்தை நிலவரத்தைவிட உங்கள் பத்திரத்தில் உள்ள ஓர் எண் நல்ல பதில் சொல்லும். அது யு.டி.எஸ்., அதாவது மனையில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கு. 30 வயதான கட்டடத்துக்குக் கிடைக்கும் விலையில் பெரும்பகுதி மண்ணுக்கானது.

விற்பதை முதலில் பார்ப்போம். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி 2025 தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்தது, டிசம்பரில் 5.25 ஆனது. கடன் மலிவானால் வாங்க ஆள் வருவார்கள், சரி. ஆனால் அவர்கள் புது ஃபிளாட்டையும் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் 2023 டிசம்பரிலிருந்து புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 50 லட்சம் வரை 6 சதவீதம், அதற்குமேல் 3 கோடி வரை 7 சதவீதம். கை மாறும் பழைய ஃபிளாட்டுக்கோ 9 சதவீதம். 70 லட்ச ரூபாய் வீட்டில் வித்தியாசம் 1.4 லட்சம், பேரத்தில் அது உங்கள் தலையில்தான் விழும். கட்டி முடியாத வீட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு என்பது ஒன்றுதான் உங்கள் பக்கம்.

விற்ற லாபத்துக்கான வரியிலும் கவனம் வேண்டும். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்றால், வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடும் பழைய முறையில் 20 சதவீதம், அப்படி உயர்த்தாத புது முறையில் 12.5 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். 2005-06இல் 15 லட்சத்துக்கு வாங்கியதை 2025-26இல் 70 லட்சத்துக்கு விற்றால் பழைய முறையில் சுமார் 4.4 லட்சம், புது முறையில் சுமார் 6.9 லட்சம். செஸ் தனி. விலை பல மடங்கு ஏறியிருந்தால் கணக்கு தலைகீழாகும். இந்தச் சலுகை இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டுமே. வீடு அமெரிக்காவில் இருக்கும் மகன் பேரில் இருந்தால் 12.5தான்.

வாடகைக்கு விடுவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 70 லட்சம் பெறும் வீட்டுக்கு மாதம் 20,000 வந்தால் ஆண்டுக்கு 2.4 லட்சம். சொத்து வரி, மெயின்டனன்ஸ், ஆள் மாறும்போதெல்லாம் பெயின்ட் என்று கழித்தால் 3 சதவீதம் தேறுவதே பாடு. வாடகையை ஒரு முடிவாக எடுக்கக்கூடாது. காத்திருக்கும் காலத்துக்கு அது கைச்செலவு, அவ்வளவுதான்.

காத்திருப்பது எதற்கு? இடித்துக் கட்டுவதற்கு. முன்பு ஒரே ஒரு வீட்டுக்காரர் முறுக்கிக்கொண்டாலும் காரியம் நின்றுவிடும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்ககச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற எஃப்.எஸ்.ஐ. அளவும் சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5இலிருந்து 2 ஆகிவிட்டது. இதைக் கேட்டதும் பலருக்கும் புது வீடு இலவசமாக வந்துவிடும் என்று தோன்றுகிறது.

அங்கேதான் யு.டி.எஸ். வருகிறது. இரண்டு கிரவுண்ட், அதாவது 4,800 சதுர அடி மனையில் 800 சதுர அடி வீடுகள் எட்டு இருக்கின்றன என்று வையுங்கள். ஆளுக்கு 600 யு.டி.எஸ். பழைய வீடுகள் மொத்தம் 6,400. இப்போது 9,600 கட்டலாம். மிச்சம் 3,200 சதுர அடி பில்டருடைய பங்கு, அதை விற்றுத்தான் அவர் கட்டும் செலவை எடுப்பார். அவர் உற்சாகமாகப் பேச வருவார். அதே மனையில் பன்னிரண்டு வீடுகள் என்றால் யு.டி.எஸ். 400, பழைய கட்டடமே 9,600ஐத் தொட்டுவிட்டது. பில்டருக்கு விற்க ஒன்றும் மிஞ்சாது. சாலை அகலமாக இருந்தால் அரசுக்குக் கட்டணம் செலுத்திக் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம், அந்தச் செலவும் உங்கள் பங்கில்தான் கழியும். குறுகிய தெருவில் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

ஆகவே என் கணக்கில், யு.டி.எஸ். வீட்டுப் பரப்பில் பாதியைத் தாண்டினால் விற்க அவசரமில்லை. வாடகைக்கு விட்டுவிட்டு அசோசியேஷன் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். பாதி அல்லது அதற்கும் கீழே என்றால் விற்பதே மேல், அதுவும் வாங்க ஆள் இருக்கும்போதே. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் யு.டி.எஸ். நன்றாக இருந்தாலும் நான் வேறு மாதிரி சொல்வேன். கட்டி முடிக்க எப்படியும் சில வருடங்கள் ஆகும், அதுவரை வாடகை வீட்டில் இருக்க வேண்டும், பில்டர் பாதியில் நிறுத்தினால் கேட்க ஓடவும் வேண்டும். அவர்கள் அந்த யு.டி.எஸ்.ஸைக் காட்டி நல்ல விலை கேட்டு விற்றுவிட்டு, லிஃப்ட் இருக்கும் ஒரு வீட்டுக்குப் போகலாம். விற்ற இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கி அதில் லாபத்தைப் போட்டால் அந்த வரியும் மிச்சம்.