ஐஸ் ஹாக்கிக்கு எந்த ஸ்குவாட்: இரு காலா, ஒற்றைக் காலா?

ஸ்கேட்டிங்கில் ஒவ்வொரு உந்தலும் ஒற்றைக் காலில்தான். அப்புறம் தோளில் பார்பெல் (நீளக் கம்பி எடை) சுமந்து குந்தி எழும் இரு கால் ஸ்குவாட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு.

எடை: பார்பெல்லில் அதிகம் ஏற்றலாம், மொத்த பலம் கூடும். ஒற்றைக் கால் வகையான ஸ்ப்ளிட் ஸ்குவாட்டுக்கு, அதாவது பின்னங்காலை பெஞ்சில் வைத்து முன்னங்காலால் குந்தி எழுவதற்கு, கையில் பிடிக்கும் டம்பெல்லே போதும்.

முதுகு: பார்பெல்லின் பாரம் முதுகெலும்பில் இறங்கும். ஆட்டம் முழுக்கக் குனிந்தே ஓடுபவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஸ்ப்ளிட்டில் சுமை குறைவு. இடுப்பின் முன்தசையும் நன்றாக நீளும். எந்தக் கால் பலவீனம் என்பதும் உடனே தெரிந்துவிடும்.

நேரம்: ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாகச் செய்வதால் ஸ்ப்ளிட்டுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. அலுப்புதான்.

சீசன் இல்லாத மாதங்களில் பலம் சேர்க்க பார்பெல். ஆட்டங்கள் நெருக்கமாக வரும்போதும், முதுகு முரண்டு பிடிக்கும்போதும் ஸ்ப்ளிட். ஆனால் ஆட்டத்துக்கு முந்தின நாள் அதைப் புதிதாகத் தொடங்காதீர்கள். மறுநாள் தொடை வலி பின்னி எடுத்துவிடும்.