சீசன்ஸா, காட்டேஜ் லிவிங்கா? ஒரே ஒரு பேக்குக்குக் காசு இருந்தால் எதை வாங்கலாம்

காவேரிப்பட்டணத்தில் இருக்கும் அக்கா மகள் பொங்கல் காசைச் சேர்த்து வைத்துக்கொண்டு போனில் கேட்டாள்: "சித்தி, சிம்ஸ் 4க்கு ஒரு பேக் வாங்கலாம்னு இருக்கேன். சீசன்ஸ் வாங்கட்டுமா, காட்டேஜ் லிவிங் வாங்கட்டுமா?" சிம்ஸ் 4 என்பது சிம்கள் என்ற கற்பனை மனிதர்களுக்கு வீடு கட்டி, குடும்பம் நடத்திவைக்கும் கணினி விளையாட்டு. அதில் புதிய விஷயங்களைச் சேர்க்கும் கூடுதல் தொகுப்புதான் பேக். இந்த இரண்டு பேக்கையும் நான் நிறைய ஆடியிருக்கிறேன். போதாததற்குப் பாலக்கோட்டில் எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடும் கொஞ்சம் தக்காளித் தோட்டமும் உண்டு. அதனால் பதில் நீண்டுவிட்டது.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 2014 செப்டம்பரில் வந்த அடிப்படை ஆட்டம் 2022 அக்டோபரிலிருந்து இலவசம். இந்த மாதிரி எக்ஸ்பான்ஷன் பேக்குகளுக்குத்தான் பணம். வெளிவந்தபோது அமெரிக்க விலைப்படி இரண்டுமே 39.99 டாலர்தான், எனவே விலையை வைத்து ஒன்றைத் தள்ள முடியாது. பழைய பேக்குகள் என்பதால் தள்ளுபடியில் பாதி விலைக்கு வரும், பொறுத்து வாங்குங்கள். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை வழியாக ஆடுகிறவர்கள் பேக்கையும் ஸ்டீமிலேயே வாங்க வேண்டும்.

சீசன்ஸ் 2018 ஜூனில் வந்தது. அதுவரை ஏறக்குறைய நான்கு வருடம் சிம்ஸ் 4-இல் ஒரு சொட்டு மழை கிடையாது. சிம்ஸ் 2-க்கு 2007-இலும் சிம்ஸ் 3-க்கு 2012-இலும் இதே மாதிரி பருவநிலையைத் தனியாக விற்றார்கள். மழையைக் காசு கொடுத்து வாங்கவைப்பதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. வானத்தைப் பார்த்தே விதைக்கிற மாவட்டம் எங்களுடையது, இங்கே பிறந்தவர்களுக்கு அந்தக் கோபம் புரியும்.

ஆனால் வாங்கியபின் அது செய்கிற வேலை பெரியது. ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எல்லா ஊர்களுக்கும், பழைய குடும்பங்களுக்கும் பருவம் வந்துவிடும். ஒரு பருவம் 7 நாளா, 14 நாளா, 28 நாளா என்று நீங்களே வைத்துக்கொள்ளலாம். மழை பெய்தால் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பருவம் தப்பிய பயிர் வெளியில் காய்க்காது, கூரைக்குள் வைத்தால் காய்க்கும். வெயிலிலும் குளிரிலும் சிம்கள் செத்தே போகலாம். பிடிக்காதவர்கள் வெப்பநிலை பாதிப்பை அணைத்துவிடலாம்.

எனக்கு அதில் பிடித்தது நாள்காட்டிதான். பண்டிகையை நாமே உருவாக்கலாம். நான் கோடையில் ஒரு நாளை ஆடிப்பெருக்காக வைத்தேன். பள்ளிக்கும் வேலைக்கும் லீவு, பெரிய விருந்து, பூக்கொடுத்தல். அன்றைக்கென்று மழை கொட்டியது. விருந்துக்கு வந்தவர்களை விட்டுவிட்டு வீட்டுக் குழந்தை வாசலில் தேங்கிய தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தது. ஆடி 18-க்கு ஒகேனக்கல் போய் நனைந்து திரும்பின நாளெல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

காட்டேஜ் லிவிங் 2021 ஜூலையில் வந்தது. ஹென்ஃபோர்ட் ஆன் பேக்லி என்று ஓர் இங்கிலாந்துக் கிராமம், மாடு, கோழி, லாமா, முயல், நரி. விடியற்காலையில் நிஜமாகவே பால் கறந்துவிட்டு, ராத்திரி லேப்டாப்பிலும் கறக்க வேண்டுமா என்று தயங்கித்தான் வாங்கினேன். என் தயக்கத்தைப் போக்கியது சிம்பிள் லிவிங் என்ற ஒரு விதி. சாதாரணமாக சிம்கள் எதுவும் கையில் இல்லாமலே சமைத்துவிடுவார்கள், கொஞ்சம் பணம் மட்டும் குறையும். இந்த விதியைப் போட்டுவிட்டால் கையிலோ குளிர்பெட்டியிலோ பொருள் இருந்தால்தான் சமையல். உடனே தோட்டத்துக்கும் அடுப்புக்கும் உறவு வந்துவிடுகிறது. இரண்டாம் நாள் ராத்திரி நரி வந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு போனபோது, மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று உண்மையாகவே யோசித்தேன். எங்கள் வீட்டில் கீரி குஞ்சைத் தூக்கும், அங்கே நரி முட்டையைத் தூக்குகிறது. வயிற்றெரிச்சல் ஒன்றுதான்.

பூசணி, தர்பூசணி மாதிரி சிலவற்றைப் பிரம்மாண்டமாக வளர்த்து ஊர்ச் சந்தைப் போட்டிக்குக் கொண்டுபோகலாம். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் சுற்றியவர்களுக்கு அந்தப் போட்டி மேசையைப் பார்த்ததும் ஒரு பாசம் வரும்.

குறை என்று சொன்னால், கன்று இல்லை. எங்கள் வீட்டில் முதலில் கன்றை ஊட்டவிட்டு, மாடு பால் சுரந்ததும் அதைப் பிடித்து முன்னால் கட்டுவோம். மாடு கன்றை நக்கிக்கொண்டே நிற்கும், அப்புறம்தான் செம்பை வைப்போம். ஆட்டத்து மாடு வாங்கும்போதே வளர்ந்த மாடு. சினையும் இல்லை, ஈற்றும் இல்லை, தினமும் பால் மட்டும் தருகிறது. மாட்டைக் கட்டிப்பிடிக்கவும் தேய்த்துவிடவும் இவ்வளவு அக்கறையாக வழி செய்தவர்கள் இதையும் செய்திருக்கலாம்.

இடையில் அக்கா மகள் 2023-இல் வந்த ஹார்ஸ் ராஞ்ச் என்ற குதிரை பேக்கையும் கேட்டாள். அதில் வரும் குள்ள ஆடுகள் அழகுதான், ஆனால் குதிரைப் பைத்தியம் இல்லாதவர்கள் முதல் பேக்காக அதை வாங்க வேண்டியதில்லை.

பொதுவாகக் கேட்டால் எல்லோரும் சீசன்ஸைத்தான் சொல்வார்கள். வாரத்துக்கொரு குடும்பத்தை உருவாக்கி, ஊர் மாற்றி மாற்றி ஆடுகிறவர்களுக்கு நானும் அதையே சொல்வேன், எங்கே போனாலும் கூடவே வரும் பேக் அது. காட்டேஜ் லிவிங் அப்படியில்லை. உங்கள் சிம் மாடு கோழி வைத்துக்கொள்ளாவிட்டால் அதில் பெரும்பகுதி சும்மா கிடக்கும். ஆனால் அக்கா மகள் ஆடுவது வேறு மாதிரி. பாட்டி, அம்மா, பேத்தி என்று ஒரே வீடு, ஒரே தோட்டம், ஒரு வருடமாக அதையேதான் பேணுகிறாள். அவளுக்கு வானம் மாறுவதைவிட அடுப்படி மாறுவதுதான் அதிகம் பயன்படும். காட்டேஜ் லிவிங் வாங்கு என்றேன். சீசன்ஸ் இல்லாததால் தக்காளி வருடம் முழுக்கக் காய்க்கும், பரவாயில்லை. அடுத்த பொங்கல் காசில் சீசன்ஸ் வரட்டும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னேன். சிம்பிள் லிவிங் தானாக வராது. கட்டுமானப் பகுதிக்குப் போய், மனை விவரத்தில் சவால்கள் என்ற இடத்தில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஹென்ஃபோர்டில் இருக்கும் ஃபின்ச்விக் கடையில் கொஞ்சம் காய்கறி வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிடு, இல்லாவிட்டால் முதல் ராத்திரியே பாட்டி பட்டினி கிடப்பாள்.