பழைய இழைப்புளியைச் சாணைக்குக் கொடுத்தேன், பாழாகி வந்தது

தச்சு வேலை பழகத் தொடங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. பழைய இரும்புக் கடையில் இங்கிலாந்தில் செய்த ஸ்டான்லி நம்பர் 4 இழைப்புளி 1,200 ரூபாய்க்குக் கிடைத்தது. மேலே துரு, பிளேடு மழுங்கல், மற்றபடி உடைசல் இல்லை. நானே தீட்டத் தைரியம் வராமல், பழைய கருவிகளைப் புதுசாக்கித் தருவதாகப் போர்டு வைத்திருந்த ஒரு கடையில் கொடுத்தேன். கூலி 600.

இரண்டு நாளில் கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு வந்தது. நானும் மயங்கிவிட்டேன். தேக்குத் துண்டில் வைத்துத் தள்ளினால் முதல் நாலு தள்ளலுக்குச் சுருள் சுருளாக வந்தது, அப்புறம் வெறும் தூள். எண்ணெய்க் கல்லில் தீட்டிப் பார்த்தேன், அதே கதை.

தெருமுனை ஆசாரி பிளேடின் மேல் திருகியிருக்கும் மேல்தகட்டைக் கழற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்தார். விளிம்போரம் ஒரு நெல் அகலத்துக்கு மயில்கழுத்து நீலம். "தண்ணி தொடாம வீல்ல அழுத்திப் பிடிச்சிருக்கான் தம்பி, பதம் போயிருச்சு." நீலம் பாய்ந்தால் சூடு 300 டிகிரியை ஒட்டிப் போயிருக்கும், அந்த எஃகில் கூர் நிற்காது. கூருக்காகச் சாய்த்துத் தீட்டிய சரிவுப் பக்கத்துக்கு பஃப் (துணிச் சக்கரப் பாலிஷ்) போட்டு நீலத்தை அழித்தவர்கள், தகட்டுக்கு அடியில் இருந்த முதுகை, அதாவது மறுபக்கத்தை, விட்டுவிட்டார்கள். பிளேடின் மூலையில் அரத்தை வைத்து லேசாக இழுத்தார். வழுக்க வேண்டிய அரம் கடித்தது, எஃகு அவ்வளவு மெதுவாகிவிட்டிருந்தது.

அடிப்பக்கம் இன்னும் மோசம். மூலைமட்டத்தை நீளவாக்கில் வைத்தால் இரண்டு முனையிலும் வெளிச்சம். உப்புத்தாள் பெல்ட் ஓடும் மெஷினில் கொடுத்து முனைகளைத் தேய்த்திருக்கிறார்கள். முன்முனை, பிளேடு எட்டிப் பார்க்கும் வாயின் முன்விளிம்பு, பின்முனை மூன்றும் ஒரே மட்டத்தில் இல்லாத இழைப்புளி எப்படி இழைக்கும்?

கடையில் கேட்டேன். "பளபளன்னுதானே சார் இருக்கு?" என்றார்கள். காசு திரும்ப வரவில்லை.

கொடுப்பதானால் வீலில் பிடிக்கும்போது தண்ணீரில் முக்கி முக்கி எடுப்பார்களா என்று கேளுங்கள். அடிப்பக்கத்தைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திரும்ப வாங்கும்போது மேல்தகட்டைக் கழற்றி முதுகைப் பாருங்கள், கடையில் நிற்கும்போதே.

ஆசாரி சொன்னபடி, தண்ணீர் தொட்டுத் தொட்டு நீலம் பாய்ந்த 4 மில்லிமீட்டரையும் தேய்த்து எடுத்து, 25 டிகிரி சரிவு புதிதாகப் பிடித்தேன். இப்போது கூர் நிற்கிறது. அடிப்பக்கத்துக்குத் தடித்த கண்ணாடியில் 80 நம்பர் எமரித் தாள் ஒட்டி மூன்று சாயங்காலம் தேய்த்தாயிற்று. பின்முனையில் ஒரு கீற்று வெளிச்சம் இன்னும் தெரிகிறது.