மொனிற்றர் வாங்கேக்க பிராண்டைப் பாக்கிறதா, பில்லுக்குப் பின்னால இருக்கிற சின்ன எழுத்தைப் பாக்கிறதா?

கிளிநொச்சியில பரந்தன் சந்திக்குக் கிட்ட சின்னதா ஒரு டிசைனிங் கடை வச்சிருக்கிறன், கல்யாண காட், நோட்டீஸ், பள்ளிக்கூட வினாத்தாள், அந்தியேட்டிக் கல்வெட்டு (செத்தவையின்ர நினைவா 31ஆம் நாளுக்கு அடிக்கிற புத்தகம்) இதுகள்தான் வேலை, அதால விடிஞ்சா பொழுதுபட்டா மொனிற்றர் எரிஞ்சுகொண்டுதான் கிடக்கும். இதுவரைக்கும் மூண்டு விதமான கொம்பனி மொனிற்றர் பாவிச்சுப் போட்டன், கடைக்கு வாற பெடியள் "அண்ணை எந்த பிராண்ட் நல்லம்" எண்டு கேக்கிறதால இதை எழுதுறன். என்ர பதில் ஒண்டுதான், பழுதானா அதைக் கையில வாங்கிற ஆள் எந்த ஊரில இருக்கிறான் எண்டு முதல்ல கேளுங்கோ.

ஏன் இப்பிடிச் சொல்லுறன் எண்டா, மொனிற்றருக்குள்ள இருக்கிற பனலை, அதாவது படம் தெரியிற தட்டைச் செய்யிற ஃபக்டரியள் உலகத்தில கொஞ்சம்தான். எல்ஜி டிஸ்பிளே, ஏயூஓ, இன்னொலக்ஸ், பிஓஈ இப்பிடிச் சில பேர் செய்து குடுக்க, மற்ற கொம்பனியள் அதுக்கு போட் (உள்ளுக்க இருக்கிற சேர்க்கிட்), பெட்டி, ஸ்ரான்ட் போட்டு தங்கட பேரை அடிச்சு விக்கினம். ஒரே விலைக்குள்ள ரெண்டு ஐபிஎஸ் (அது ஒரு பனல் வகை) மொனிற்றரைப் பக்கத்தில பக்கத்தில வச்சா என்ர கண்ணுக்குப் பெரிசா வித்தியாசம் தெரியிறேல்ல. வித்தியாசம் தெரியிறது பழுதாகேக்கதான்.

முதல் பாவிச்சது எல்லாருக்கும் தெரிஞ்ச பெரிய பேர், பேர் சொல்லேல்ல. பெட்டியில வொறண்டி 3 வருசம் எண்டு போட்டிருந்தது. ரெண்டாம் வருசத்தில ஒரு நாள் ஓன் பண்ணினா படம் வந்து உடன கறுத்துப் போச்சு, டோச் லைற் அடிச்சுப் பாத்தா உள்ளுக்க படம் மங்கலாத் தெரியுது. அப்பிடித் தெரிஞ்சா பனல் வேலை செய்யுது, பின்னால இருக்கிற எல்ஈடி லைற்றோ அதுக்குக் கரண்ட் குடுக்கிற பகுதியோதான் போட்டுது எண்டு விளங்கிக்கொள்ளலாம். வாங்கின கடைக்காரர் "தம்பி நாங்கள் கொழும்புக்கு அனுப்பத்தான் ஏலும், எப்ப வரும் எண்டு சொல்லேலாது" எண்டிட்டார். கொழும்புக்குப் போன் எடுத்தா தமிழுக்கு ஒரு நம்பரை அமத்தச் சொல்லுது, அமத்தினா பாட்டு மட்டும் போகுது, ஆள் வரேல்ல. அந்த நேரம் கையில ஒரு கல்வெட்டு வேலை, 31ஆம் நாள் அந்தியேட்டி, அதைப் பிந்திப் போடச் சொல்லி ஆரிட்டக் கேக்கிறது? பக்கத்து டியூசன் சென்ரரில ஒரு பழைய மொனிற்றர் இரவல் வாங்கித்தான் முடிச்சன். பிறகு போட் மாத்தி வந்தது, வொறண்டி எண்டபடியா காசு எடுக்கேல்ல, அதைச் சொல்லத்தான் வேணும், ஆனா முன் பக்கம் கீறல், ஸ்ரான்ட் பூட்டுற ஸ்குறூவைக் காணேல்ல.

அதுக்குப் பிறகுதான் பில்லை ஒழுங்கா வாசிக்கத் தொடங்கினன். எங்கட நாட்டில கனக்க கொம்பியூற்றர் கடையின்ர பில்லில 1 வருசம் எண்டா 350 நாள் எண்டு அடிச்சிருப்பினம், அப்ப 3 வருசம் எண்டா 1050 நாள்தான், ஒன்றரை மாசம் அப்பிடியே காணாமப் போகுது. எரிஞ்ச அடையாளம், உடைவு, கறள், இடி மின்னல், கரண்ட் கூடிக் குறையிறது, பூச்சி போறது இதுகளுக்கு வொறண்டி இல்லை எண்டும் இருக்கும். வன்னியில ஒரு சாமான் பழுதாகிறதே உதுகளாலதானே! சித்திரையிலயும் ஐப்பசியிலயும் பின்னேரத்தில இடி தொடங்கினா பிளக்கைக் கழட்டிப் போடுங்கோ, சுவிச்சை நிப்பாட்டினா மட்டும் காணாது, ரவுட்டரிலயிருந்து வாற வயரையும் சேத்துக் கழட்டுங்கோ. பல்லி வேற, சூட்டுக்கு மொனிற்றரின்ர காத்துப் போற ஓட்டைக்குள்ள பூந்து போட்டில குறுக்க விழுந்து செத்துக் கிடக்கும், இஞ்ச றிப்பெயர் செய்யிற பெடியனிட்டக் கேட்டா கதை கதையாச் சொல்லுவான். அடப்டர் வெளியால இருக்கிற மொடலா எடுத்தா கொஞ்சம் நல்லம், கரண்ட் கூடி வந்து அடப்டர் மட்டும் போனா அதை மட்டும் மாத்தலாம்.

ரெண்டாவது வாங்கினது அவ்வளவு பேர் இல்லாத கொம்பனி, ஆனா அவையின்ர ஏஜென்றுக்கு வவுனியாவில சாமான் குடுத்து எடுக்க ஒரு இடம் இருந்தது. திரையில நேர் கோடு ஒண்டு விழுந்தது, வட்ஸ்அப்பில வீடியோவும் பின்னால ஒட்டின சீரியல் நம்பரும் அனுப்பச் சொல்லிச்சினம், "மாத்துறதுக்குச் சாமான் வந்தாப் பிறகு சொல்லுறம், அதுக்கு முதல் கொண்டந்து அலையாதேங்கோ அண்ணை" எண்டு தமிழிலயே சொன்ன தங்கச்சிக்குப் புண்ணியம். ஏ9 றோட்டால பஸ்ஸில போய் பழசைக் குடுத்திட்டு வேறயை எடுத்துக்கொண்டு வந்தன். பழைய மொடல் வாறேல்ல எண்டு அடுத்த மொடலைத் தந்தவை. பெட்டி, உள்ளுக்க அடிபடாம வைக்கிற றெஜிபோம், பில், கேபிள் எல்லாம் இருக்கோ எண்டு பாத்தவை, அதால பெட்டியை அடுப்பு எரிக்கக் குடுக்காமப் பரணில போட்டு வையுங்கோ, பஸ்ஸில கொண்டு போறதுக்கும் அதுதான் பாதுகாப்பு.

மூண்டாவது கனடாவில இருந்து மச்சான் கொண்டந்தது. அங்க 120 வோல்ட்தான், ஆனா இது 100 தொடக்கம் 240 வரைக்கும் எடுக்கிற மாதிரி, அதால இஞ்சத்தைய 230க்குப் பிரச்சினை இல்லை, நல்லா ஓடுது. வொறண்டி மட்டும் கடல் தாண்டி வரேல்ல.

புள்ளிக் கதையையும் சொல்லோணும். புது மொனிற்றரில ஒரு புள்ளி எப்பவும் எரிஞ்சுகொண்டிருந்தா மாத்தித் தருவினம் எண்டு நினைக்காதேங்கோ. கனக்க கொம்பனியள் ஐஎஸ்ஓ (ISO) எண்ட சர்வதேசத் தரத்தில ரெண்டாம் வகுப்பைத்தான் பாக்கிறது, அதில 10 லட்சம் பிக்சலுக்கு (பிக்சல் எண்டா திரையில இருக்கிற புள்ளி) எரியிறது 2, இருண்டது 2 வரைக்கும் குறையா எடுக்காயினம். ஃபுல் எச்டி எண்டாலே 20 லட்சத்துக்கு மேல பிக்சல், நீங்களே பெருக்கிப் பாருங்கோ. டெல்லின்ர அல்ட்ராஷார்ப் மாதிரி வரிசையளுக்கு ஒரு எரியிற புள்ளி இருந்தாலே மாத்திற திட்டம் இருக்கு, எய்சோ (EIZO) எண்ட யப்பான் கொம்பனி கனக்க மொடலுக்கு வொறண்டி 5 வருசம் குடுக்குது, ஆனா உதெல்லாம் நாட்டுக்கு நாடு, ஏஜென்றுக்கு ஏஜென்ற் மாறும், எங்கட பில்லில எழுதிக் குடுக்கினமோ எண்டதுதான் கணக்கு. ஏலுமெண்டா கடையிலயே ஓன் பண்ணி, முழுக்க வெள்ளை, முழுக்கக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் போட்டுப் பாத்திட்டு எடுங்கோ.

2022இல டொலர் 200இல இருந்து 360க்குப் போன நேரம் விலையும் ஏறி சாமானும் வராம, வொறண்டியில இருந்த ஆக்களுக்கும் மாத்திக் குடுக்க ஒண்டும் இல்லை எண்டு கையை விரிச்ச கடையளும் இருந்தது. அதால இப்ப வாங்கேக்க இன்னொரு கேள்வியும் கேக்கிறன், மாத்த அதே சாமான் இல்லாட்டி காசைத் திருப்பித் தருவினமோ, தந்தா வாங்கின விலையோ பாவிச்ச வருசத்துக்குக் கழிச்சோ எண்டு. கடைக்காரருக்குப் பிடிக்காது, பரவாயில்லை. வொறண்டி எழுதித் தந்திட்டு ஏமாத்தினா பாவனையாளர் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பருக்கு அடிக்கலாம், ஆனா கையில பில் இருக்கோணும், வெயிலுக்கு மை அழியிற பில்லெண்டா அண்டைக்கே போட்டோக் கொப்பி அடிச்சு வையுங்கோ.

இப்ப 27 இஞ்சி ஒண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன். பழுதானதைக் கிளிநொச்சியிலயே வாங்கிற ஏஜென்ற் எந்தக் கொம்பனிக்காவது இருந்தா விலை கொஞ்சம் கூடினாலும் அதைத்தான் எடுப்பன், இல்லாட்டி திரும்பவும் அந்த வவுனியாக் கொம்பனிதான்.