சிபாப் அழுத்தம்: ஒரே எண்ணா, ஆட்டோவா, பைபாப்பா?

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு, மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் மெஷின்தான் சிபாப். ராத்திரித் தூக்கத்தை அளக்கும் ஸ்லீப் ஸ்டடி முடிந்து, அந்த மெஷினை வாங்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்ததும் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது விலையை. அப்புறம் மாஸ்க். அழுத்தத்தை எவ்வளவு வைக்க வேண்டும் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது, சில வீடுகளில் வருவதே இல்லை. பெட்டியிலிருந்து எடுத்தபடியே மெஷின் ஓடும், கொஞ்ச நாளில் அலமாரிக்குள் போய்விடும். நான் பார்த்தவரை "மெஷின் ஒத்துவரவில்லை" என்று சொல்கிறவர்களில் பலருக்கு ஒத்துவராமல் போனது அந்த எண்தான். அதனால் எண்ணை முன்னால் வைத்தே சாதாரண சிபாப், ஆட்டோ சிபாப், பைபாப் என்ற மூன்று வகை மெஷின்களையும் பார்க்கலாம்.

அழுத்தத்தை அளப்பது சென்டிமீட்டர் தண்ணீரில். ஒரு வாளித் தண்ணீரில் குழாயின் நுனியை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு ஊதிப் பாருங்கள். குமிழி வெளியே வருவதற்கு எவ்வளவு ஊத வேண்டியிருக்கிறதோ அதுதான் 10. நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. தூக்கத்தில் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும் தொண்டையைத் திறந்தே வைத்திருக்க அவ்வளவு போதும் என்பதை 1981இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் நிரூபித்தார். இன்றைக்கு வீட்டில் வைக்கும் மெஷின்கள் 4 முதல் 20 வரை போகும். பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு 6க்கும் 14க்கும் இடையில் எங்கோ சரியாகிவிடும், 10ஐ ஒட்டி வருகிறவர்கள் நிறைய.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெரிய எண் என்றால் பெரிய வியாதி என்று அர்த்தமில்லை. நோயின் கடுமையைச் சொல்வது ஏஹெச்ஐ, அதாவது மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு. 5 முதல் 15 வரை லேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. ஏஹெச்ஐ 50 உள்ளவருக்கு 9 அழுத்தமே போதலாம், 20 உள்ளவருக்கு 13 தேவைப்படலாம். கழுத்து, தாடை, மூக்கு, உடல் எடை, மல்லாந்து படுக்கும் பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் அழுத்தத்தை முடிவு செய்கின்றன. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு 12 வைத்திருக்கிறார்கள் என்பதற்காக நமக்கும் 12 வைத்துப் பார்க்கக் கூடாது.

முதலில் ஒரே அழுத்தத்தில் ஓடும் சாதாரண சிபாப். 10 என்று வைத்தால் ராத்திரி முழுக்க 10தான். விலை குறைவு, எண் சரியாக அமைந்தால் தூக்கம் கலையாது. அந்தச் சரியான எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுத்து டைட்ரேஷன் செய்ய வேண்டும். 4இல் தொடங்கி, மூச்சுத்தடை வர வர டெக்னீஷியன் ஒவ்வொன்றாக ஏற்றுவார், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஐந்து நிமிடம் விடுவார். மல்லாந்து படுத்து, கனவு வரும் தூக்கத்தில் இருக்கும்போதும் தடை வராத எண் கிடைத்தால் அது நம்பகமான எண். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்காகத் திருவனந்தபுரம் வரை போகிறவர்கள் உண்டு. ஆனால் பழக்கமில்லாத கட்டிலில், தலையெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்கும் ஒரே ஒரு ராத்திரி அது. அன்றைக்கு மல்லாந்து படுக்காமலே விட்டால் எண் குறைவாக வந்துவிடும். பிறகு எடை ஏறினாலும் இறங்கினாலும் அது மாறும்.

ஆட்டோ சிபாப் இதற்கு மாற்று. கீழ் எல்லை, மேல் எல்லை என்று இரண்டு எண் கொடுத்தால் போதும், மூச்சு சுருங்குவதைக் கவனித்து மெஷினே ஏற்றி இறக்கிக்கொள்ளும். இதயச் செயலிழப்பு, கடுமையான நுரையீரல் நோய் போன்ற வேறு பெரிய கோளாறு இல்லாத பெரியவர்கள் வீட்டிலேயே ஆட்டோவில் சிகிச்சையைத் தொடங்கலாம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. தொடர்ந்து பயன்படுத்துவதற்கும் சாதாரண சிபாப், ஆட்டோ இரண்டில் எது வேண்டுமானாலும் சரி என்கிறது. லேப் தூரமாக இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் ஆட்டோவில் ஒரு பெரிய குழி இருக்கிறது. கம்பெனியிலிருந்து வரும்போது எல்லை 4 முதல் 20 என்று திறந்தே கிடக்கும். "அதுவே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லி அப்படியே கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

குலசேகரம் பக்கம் பால்வெட்டுக்குப் போகும் என் சித்தப்பாவுக்கு நடந்தது இதுதான். ஒன்பது மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்து தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் போகிற மனிதர். மாஸ்க்கை மாட்டியதுமே, "மக்களே, இதுல காத்தே வரல்ல, மூச்சு முட்டுது" என்றார். கனத்த உடம்புள்ளவர்களுக்கு 4 அப்படித்தான் இருக்கும். மெஷினின் மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது கதை தெளிவாகத் தெரிந்தது. அழுத்தக் கோடு 4இல் கிடக்கிறது, அதன் கீழே மூச்சுத்தடைக் கோடுகள் வரிசையாக நிற்கின்றன. மெஷின் தடையைக் கண்டபிறகு மெல்ல மெல்ல ஏறி, 9ஐத் தாண்டியதும்தான் அந்த வரிசை ஓய்கிறது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறதென்று மெஷின் இறங்குகிறது, மறுபடியும் அதே வரிசை. ஆறு மணி நேரத் தூக்கத்தில் பாதி இந்த ஏற்ற இறக்கத்திலேயே போயிருந்தது.

ரிப்போர்ட்டில் 95 சதவீத அழுத்தம் என்று ஒரு எண் இருக்கும். தூங்கிய நேரத்தில் நூற்றில் 95 பங்கு அந்த எண்ணிலோ அதற்குக் கீழோ ஓடியது என்று பொருள். சில கம்பெனி மெஷின்களில் இது 90 சதவீதமாக இருக்கும். சித்தப்பாவுக்கு 11ஐ ஒட்டி வந்தது. டாக்டர் அதைப் பார்த்து எல்லையை 8 முதல் 14 என்று சுருக்கினார். அதன்பிறகு ஏஹெச்ஐ 5க்குக் கீழே இறங்கியது. சிகிச்சையில் எதிர்பார்ப்பதும் அந்த 5க்குக் கீழேதான். எனவே என் வாக்கு சுருக்கிய ஆட்டோவுக்கு. திறந்துவிட்ட ஆட்டோவை விட, லேபில் கண்டுபிடித்த ஒரே எண் எவ்வளவோ மேல்.

மேல் எல்லையைத் தேவையில்லாமல் உயர வைப்பதிலும் சங்கடம் உண்டு. மாஸ்க் ஓரத்தில் காற்று கசியும், வாய் வறளும், காற்று வயிற்றுக்குள் போய் காலையில் வயிறு உப்பிக் கிடக்கும். சிலருக்கு அழுத்தம் கூடும்போது, மூளையே மூச்சு விட மறக்கும் வேறு வகை மூச்சு நிறுத்தம் தலைகாட்டும். அதற்கு மேலும் ஏற்றுவது மருந்தல்ல. கிளினிக் மெனுவுக்குள் போவது எப்படி என்று வீடியோ பார்த்து நாமே எண்ணை மாற்றக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் டாக்டருக்கு அனுப்பிக் கேட்டுவிட்டு மாற்றலாம்.

பைபாப்பில் எண் இரண்டு. மூச்சை இழுக்கும்போது ஒன்று, விடும்போது அதைவிடக் குறைந்த ஒன்று. தொடக்கம் வழக்கமாக 8க்கு 4. இடைவெளி குறைந்தது 4 வைப்பார்கள், பெரியவர்களுக்கு மேல் அழுத்தம் 30 வரைகூடப் போகலாம். சிபாப்பில் 15 வரை ஏற்றியும் தடை நிற்கவில்லை, அல்லது அந்த அழுத்தத்தை எதிர்த்து மூச்சை வெளியே விட முடியவில்லை என்றால்தான் இதற்கு வருவது முறை. உடல் பருமனால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தங்குகிறவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோய் சேர்ந்து இருப்பவர்கள் விஷயம் வேறு, அவர்களுக்கு முதலிலேயே பைபாப் தேவைப்படலாம். மற்றவர்களிடம் "விலை கூடினது, அதனால் நல்லது" என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். மூச்சு விடுவது சிரமம் என்பதற்கு மட்டும் என்றால், பல சிபாப் மெஷின்களிலேயே மூச்சு விடும்போது 1 முதல் 3 வரை அழுத்தத்தைத் தளர்த்தும் வசதி இருக்கிறது.

ராம்ப் பற்றியும் ஒரு வார்த்தை. குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றும் இந்த வசதியைச் சிலர் 45 நிமிடம் வரை வைத்துக்கொள்கிறார்கள். படுத்த உடனே தூங்கிவிடுகிறவருக்கு அது பாதுகாப்பில்லாத முக்கால் மணி நேரம்.

எண்ணை மாற்றும் முன் மாஸ்க்கைப் பார்க்க வேண்டும். மூக்கு மாஸ்க்கில் 9 போதுமானவருக்கு, மூக்கும் வாயும் மூடும் மாஸ்க்கில் 11 தேவைப்படுவது உண்டு. தடித்த மீசை, தாடி இருந்தால் ரப்பர் விளிம்பு படியாமல் கசியும். கசிந்தால் மெஷின் தடையையே சரியாகக் கணிக்காது.

கடைசியாக நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு கணக்கு, கரண்ட். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபிறகு நாள் கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்கள் இங்கே நிறைய. தூத்தூர், வள்ளவிளை பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு எப்போதுமே பேட்டரிதான். மூன்று வகையிலும் அழுத்தம் கூடக் கூட மோட்டார் கரண்ட் அதிகம் இழுக்கும், ஆனால் பேட்டரியை வேகமாகக் காலி செய்வது தண்ணீரைச் சூடாக்கும் ஹ்யூமிடிஃபையர்தான். கடலோரக் காற்றில் ஈரம் நிறைய இருப்பதால் மழைக்காலத்தில் அதை அணைத்துவிட்டுப் படுக்கப் பலரால் முடியும், மூக்கு வறள்கிறதா என்று கரண்ட் இருக்கும் ராத்திரியிலேயே சோதித்துக்கொள்ளலாம். படகுக்குக் கொண்டுபோவதென்றால் இன்வெர்ட்டர் வழியாக ஓட்டுவதை விட, அந்த மாடலுக்கென்றே வரும் டிசி அடாப்டரை வாங்குவது நல்லது. படகில் இருப்பது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதைப் பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடையில் மெஷினை வாங்கும்போதே, டாக்டர் எழுதிய கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.